தனித்து வாழும் முதியவருக்கு ரேஷன் பொருள்கள் தடையின்றிக் கிடைக்கச் செய்வது எப்படி: தமிழ்நாட்டுக்கான முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் 2011 ஜூன் 1 முதல் ரேஷன் அரிசிக்கு விலை கிடையாது. வருமானம் எதுவாக இருந்தாலும் அரிசி அட்டை வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அரிசி உண்டு என்னும் பொது விநியோக முறை இங்கே பல்லாண்டுகளாக நிலைத்திருக்கிறது. ஆயினும், ஒரு வேளைக் கஞ்சியை இரண்டு வேளைக்குப் பிரித்துக் குடிக்கும் முதியவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சட்டம் தரும் உரிமை எங்கோ ஒரு சிறிய இடத்தில் அறுந்து போயிருக்கும். ஒருவருக்குக் கைரேகை விழாது. இன்னொருவரின் பெயர் மகனின் அட்டையில் இருக்கும், மகன் வேறு ஊரில் இருப்பார். கணவர் இறந்த பின்னும் குடும்பத் தலைவர் பெயர் மாற்றப்படாத அட்டையை வைத்துக்கொண்டு, கடையில் என்ன சொல்வார்களோ என்ற அச்சத்திலேயே போகாமல் இருந்துவிடுகிற மூதாட்டிகளும் உண்டு. இந்த வழிகாட்டி அத்தகைய முதியவருக்காக அலையத் தயாராக இருக்கும் பக்கத்து வீட்டாருக்கும் உறவினருக்கும் தன்னார்வலருக்குமாக எழுதப்பட்டது. அறுந்த இடம் எதுவென்று முதலில் கண்டுபிடியுங்கள். அதற்கு முன் எந்த விண்ணப்பத்தையும் எழுத வேண்டாம்.

அட்டையை எடுத்துப் படியுங்கள்

உதவி செய்ய வருபவர்கள் பெரும்பாலும் நேரே இ-சேவை மையத்துக்கு ஓடுகிறார்கள். அதற்கு முன் முதியவரின் வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து, அவரிடம் இருக்கும் தாள்களையெல்லாம் ஒன்றாகப் பரப்பிப் பார்ப்பது பல மாத அலைச்சலைத் தவிர்க்கும். ஸ்மார்ட் குடும்ப அட்டை, ஆதார் அட்டை, வாக்காளர் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகிய நான்கும் போதுமானவை. கணவரோ மனைவியோ இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குடும்ப அட்டையில் ஆங்கில எழுத்துகளில் ஒரு குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். பி.எச்.எச். என்று இருந்தால் அது முன்னுரிமைக் குடும்பம். அதனுடன் ஏ.ஏ.ஒய். என்று சேர்ந்திருந்தால் அந்தியோதயா அன்ன யோஜனா அட்டை, அதாவது மாதம் 35 கிலோ அரிசிக்கு உரிய அட்டை. என்.பி.எச்.எச். என்பது முன்னுரிமை அல்லாத குடும்பம் என்றாலும் தமிழ்நாட்டில் அதற்கும் அரிசி உண்டு. எஸ் என்ற எழுத்து சேர்ந்திருந்தால் அது சர்க்கரை அட்டை, அதற்கு அரிசி கிடையாது. என்.சி. என்று முடிந்தால் பொருளில்லா அட்டை, அது அடையாளச் சான்றாக மட்டுமே பயன்படும். வசதியாக இருந்த காலத்தில் சர்க்கரை அட்டை வாங்கிப் பின்னர் நொடித்துப் போன குடும்பங்களில், எஞ்சியிருக்கும் முதியவர் அதே அட்டையுடன் அரிசியின்றி இருப்பதைக் காணலாம். அரிசி அட்டையாக மாற்றித் தரும்படி வட்ட வழங்கல் அலுவலரிடம் மனு கொடுப்பதே அவருக்கான முதல் வேலை.

அடுத்து, அட்டையில் பதிவான கைபேசி எண் யாருடையது என்று பாருங்கள். இது சிறிய செய்தியாகத் தோன்றலாம், ஆனால் மிக முக்கியமானது. கடையில் பொருள் வாங்கியதாகப் பதிவானவுடன் குறுஞ்செய்தி போவதும், அட்டையில் எந்த மாற்றம் செய்தாலும் ஒரு முறைக் கடவு எண் (ஓ.டி.பி.) வருவதும் அந்த எண்ணுக்குத்தான். அது பிரிந்து போன மகனின் எண்ணாகவோ என்றோ தொலைந்த சிம்மாகவோ இருந்தால், முதியவரின் அட்டையில் என்ன நடக்கிறது என்பது அவருக்கே தெரியாது. வாங்காத பொருளை வாங்கியதாகப் பதிவாகியிருந்தாலும் அவரை எட்டாது. எண்ணை மாற்றும் வேலையை முதலிலேயே முடித்துவிடுங்கள். முதியவரிடம் கைபேசி இல்லையென்றால், அவர் உண்மையிலேயே நம்பும் ஒருவரின் எண்ணை அவர் சம்மதத்துடன் கொடுக்கலாம்.

பெயர் மகனின் அட்டையில் இருந்தால்

நான் கண்டவரையில் மிகக் கடினமான நிலை இதுதான், ஆகையால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பெற்றோர் தனியாகச் சமைத்து உண்கிறார்கள், ஆனால் பெயர் மட்டும் மகனின் அட்டையில் நீடிக்கிறது. அங்கிருந்து பெயரை நீக்கினால்தான் இவர்களுக்குத் தனி அட்டை கிடைக்கும், ஏனெனில் ஓர் ஆதார் எண் இரண்டு அட்டைகளில் இருக்க முடியாது. பெயர் நீக்கத்துக்கான கடவு எண்ணோ மகனின் கைபேசிக்குப் போகிறது.

மகன் ஏன் தயங்குகிறார் என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் ஒருவர் மட்டும் உள்ள அரிசி அட்டைக்கு 12 கிலோவும், இருவர் உள்ள அட்டைக்கு 16 கிலோவும், மூவர் உள்ள அட்டைக்கு 20 கிலோவும் அரிசி என்பது நடைமுறை. மூவர் உள்ள அட்டையிலிருந்து தாயின் பெயர் நீங்கினால் மகன் வீட்டுக்கு 4 கிலோ குறைகிறது, தனி அட்டை பெறும் தாய்க்கோ 12 கிலோ கிடைக்கிறது. ஐந்து பேருக்கு மேல் உள்ள முன்னுரிமை அட்டையில் ஆளுக்கு 5 கிலோ என்பதால் 5 கிலோ குறையும். இரு வீட்டையும் சேர்த்துப் பார்த்தால் அரிசி கூடுகிறதே தவிரக் குறைவதில்லை என்பதை ஒரு தாளில் எழுதிக் காட்டியபோது, பல மாதங்களாக மறுத்து வந்த ஒருவர் அன்று மாலையே கடவு எண்ணைச் சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். சண்டையாக எடுத்துச் செல்லாமல் கணக்காக எடுத்துச் செல்லுங்கள்.

அப்படியும் இணங்காவிட்டால், தான் தனியாக வசித்துத் தனியாகச் சமைக்கும் செய்தியை முதியவர் தம் பெயரில் எழுத்து மூலம் வட்ட வழங்கல் அலுவலரிடம் மனுவாகக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு பெற வேண்டும். சென்னையில் இதே பணியை மண்டல உதவி ஆணையர் அலுவலகங்கள் செய்கின்றன. பெயர் நீங்கிய பின், பொது விநியோகத் திட்டத்தின் இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ புதிய அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஆதார், முகவரிச் சான்று, குடும்பத் தலைவராக இருக்கப்போகும் முதியவரின் படம் ஆகியவை தேவைப்படும். வாடகை ஒப்பந்தம் இல்லாமல் குடிசையிலோ மகன் வீட்டுத் தாழ்வாரத்திலோ இருப்பவருக்கு முகவரிச் சான்று சிக்கலாகலாம். ஆதாரிலேயே இப்போதைய முகவரியைத் திருத்திவிடுவது அதற்கு எளிய வழி. பின்னர் களவிசாரணைக்கு வருபவர், தனி அடுப்பு இருக்கிறதா என்றுதான் முக்கியமாகப் பார்ப்பார். அந்த நாளில் முதியவர் வீட்டில் இருக்கும்படியும், பதற்றத்தில் எதையும் மாற்றிச் சொல்லாதபடியும் நீங்கள் உடனிருப்பது நல்லது.

அந்தியோதயா அட்டையைக் கேட்டுப் பெறுங்கள்

அந்தியோதயா திட்டம் 2000 டிசம்பர் 25 அன்று தொடங்கப்பட்டது. உணவுரிமைக்காகத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003 மே 2 அன்று பிறப்பித்த ஆணை, நிலையான பிழைப்பு வழியில்லாத முதியோர், ஆதரவற்ற விதவைகள், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்ட பிரிவினரை இத்திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று கூறியது. பிழைப்புக்கு உறுதியான வழியோ பிறர் ஆதரவோ இல்லாத 60 வயது கடந்தவர்களும், அத்தகையோர் தலைமை தாங்கும் குடும்பங்களும் திட்டத்தின் விதிகளிலேயே இடம்பெற்றுள்ளனர். ஆகவே தனித்து வாழும் ஏழை முதியவர் இந்த அட்டையைக் கேட்பது சலுகை கேட்பதாகாது.

எனினும் அட்டைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு என்பதால் இது தானாக வந்து சேராது, உடனே கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது. மனுவில் வயது, தனித்து வாழும் நிலை, வருமானமின்மை, உடல்நலக் குறைவு ஆகியவற்றை நான்கைந்து வரிகளில் தெளிவாக எழுதி, கிராம நிர்வாக அலுவலரின் சான்றை இணைத்து வட்ட வழங்கல் அலுவலரிடம் கொடுங்கள். 12 கிலோவுக்கும் 35 கிலோவுக்கும் உள்ள வேறுபாடு ஒரு வீட்டில் எத்தனை வேளைச் சோறு என்று எண்ணிப் பார்த்தால், இரண்டு மூன்று முறை அலைவது பெரிதாகத் தெரியாது.

முதியோர் உதவித்தொகை கொண்டுவரும் அரிசி

முதியோர் உதவித்தொகையைப் பணமாக மட்டுமே பலரும் அறிந்திருக்கிறார்கள். 2023இல் அது மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதனோடு உணவும் சேர்ந்தே வருகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. 1982இல் குழந்தைகளுக்காகத் தொடங்கிய சத்துணவுத் திட்டம், 1983 ஜனவரியில் முதியோர் ஓய்வூதியம் பெறுபவர்களுக்கும் விரிக்கப்பட்டது. உதவித்தொகை பெறும் முதியவர் சத்துணவு மையத்துக்குச் சென்று மதிய உணவு உண்ணலாம். அவ்வாறு உண்பவருக்கு மாதம் 2 கிலோ அரிசியும், மையத்தில் உண்ணாதவருக்கு மாதம் 4 கிலோ அரிசியும் ரேஷன் கடை வழியாக விலையின்றி வழங்கப்பட வேண்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி அல்லது சேலையும் உண்டு. இந்த அரிசி குடும்ப அட்டைக்கான அரிசிக்கு மேலானது. உதவித்தொகை வங்கியில் வந்துகொண்டிருக்கையில் இந்த அரிசி வரவில்லையென்றால், பெரும்பாலும் கடையின் பட்டியலில் அவர் பெயர் ஏறியிருக்காது. உதவித்தொகை ஆணையின் நகலுடன் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரை அணுகிப் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

உதவித்தொகையே இல்லாதவருக்கு விண்ணப்பம் இ-சேவை மையத்தில் தொடங்குகிறது. அங்கிருந்து கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தனி வட்டாட்சியர் என்று படிப்படியாக நகரும். இரண்டு இடங்களில் இது தடுக்கிவிழும். ஒன்று வயது. ஆதாரில் உள்ள பிறந்த ஆண்டு உண்மை வயதைவிடக் குறைவாக இருந்தால் 65 வயதுக்காரரும் 58 வயதினராகத் தெரிவார். ஆதாரில் பிறந்த தேதியைப் பொதுவாக ஒரு முறைதான் திருத்த முடியும் என்பதால், உரிய சான்று கையில் கிடைத்த பிறகே அதற்கு விண்ணப்பியுங்கள், அவசரப்பட்டு அந்த ஒரு வாய்ப்பை வீணாக்காதீர்கள்.

மற்றொன்று, மகன் இருக்கிறாரா என்ற கேள்வி. மகன் இருக்கிறார் என்பதும் மகன் சோறு போடுகிறார் என்பதும் வேறு வேறு. மகன் இல்லையென்று பொய் சொல்ல வேண்டாம், அது பின்னர் உதவித்தொகையையே நிறுத்திவிடக்கூடும். மகன் இருக்கிறார், இத்தனை ஆண்டுகளாக எந்த ஆதரவும் தரவில்லை, என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுங்கள். பெற்ற பிள்ளையைப் பற்றி அந்நியர் முன்னால் அப்படிச் சொல்வது பல தாய்மார்களுக்குத் தாங்க முடியாத அவமானமாக இருக்கிறது. அந்த வாக்கியத்தை எழுதுவதற்கு முன் அவருடன் தனியாகப் பேசுங்கள், அவர் விரும்பும் சொற்களிலேயே எழுதுங்கள். வசதியுள்ள பிள்ளைகள் கைவிட்டிருந்தால், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007இன் கீழ் கோட்டாட்சியர் நிலையிலான தீர்ப்பாயத்தில் பராமரிப்புத் தொகை கோரவும் வழி உண்டு. அச்சட்டம் பராமரிப்பு என்பதில் உணவையும் வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது.

தகுதியிருந்தும் உதவித்தொகை கிடைக்காத 65 வயது கடந்தவர்களுக்காக அன்னபூர்ணா திட்டம் என்று ஒன்று இருக்கிறது. 2000இல் தொடங்கிய அத்திட்டத்தில் மாதம் 10 கிலோ அரிசி விலையின்றி வழங்கப்படும். இதன் பெயரைச் சொல்லிக் கேட்பவர்கள் மிகக் குறைவு. உதவித்தொகை மனு நிராகரிக்கப்பட்டாலோ தாமதமானாலோ வட்டாட்சியரிடம் இதைக் கேளுங்கள்.

கைரேகை விழாதபோது

தமிழ்நாடு 2020 அக்டோபரில் ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தில் சேர்ந்தபோது, ரேஷன் கடைகளில் விரல் ரேகைப் பதிவு நடைமுறைக்கு வந்தது. இதனால் ஒரு நன்மை உண்டு. மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கும் முதியவர் அந்த ஊர்க் கடையிலேயே பொருள் வாங்கலாம். ஆனால் நாற்று நட்டும் செங்கல் சுமந்தும் பாத்திரம் துலக்கியும் தேய்ந்த விரல்களை இயந்திரம் அடையாளம் காண்பதில்லை. வாழ்நாள் உழைப்பே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும் இந்த நிலை என்னை எப்போதும் வேதனைப்படுத்துகிறது.

கடையில் செய்யக்கூடியவை சில உண்டு. விரலைக் கழுவித் துடைத்து, சற்றே ஈரப்பதத்துடன் வைத்தால் வறண்ட தோலின் ரேகை தெளிவாகப் பதியும். எண்ணெய்ப் பசையும் மருதாணியும் தடையாகும். பெருவிரல் பதியாவிட்டால் அங்கேயே நின்றுவிட வேண்டாம், ஆதாரில் பத்து விரல்களும் பதிவாகியிருக்கின்றன, ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கருவிழிக் கருவி உள்ள கடையில் அதைக் கேளுங்கள், கண்புரை அறுவை செய்தவருக்குச் சில வேளைகளில் அதுவும் பதியாது. எதுவும் பதியவில்லை என்பதற்காகப் பொருளை மறுக்கக் கூடாது, மாற்று வழியில் பதிவு செய்து வழங்க வேண்டும் என்பதே அரசின் அறிவுறுத்தல். பணிவாகவும் உறுதியாகவும் அதைச் சொல்லுங்கள். மாதந்தோறும் இதே சிக்கல் என்றால், ஆதார் மையத்தில் கைரேகை, கருவிழிப் பதிவைப் புதுப்பித்துவிடுவது நிலையான தீர்வாக அமையக்கூடும்.

கடைக்கு நடந்து வரவே முடியாதவருக்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது அங்கீகாரச் சான்று. நேரில் வர இயலாத மூத்த குடிமக்களும் மாற்றுத்திறனாளிகளும் தம் சார்பில் வேறொருவர் பொருள் வாங்குவதற்கான சான்றைப் பெறலாம். பல மாவட்டங்களில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாமில், பெயர் சேர்த்தல், நீக்கல், கைபேசி எண் மாற்றம் ஆகியவற்றோடு இந்தச் சான்றுக்கும் விண்ணப்பிக்கலாம். யாரை நியமிப்பது என்பதை முதியவரே முடிவு செய்யட்டும். வசதிக்காக நாமே ஒருவரை எழுதிவிடுவது பெருந்தவறு, ஏனென்றால் அந்த ஒருவர் பொருளை முழுமையாகக் கொண்டுவந்து சேர்ப்பாரா என்பது அவருக்குத்தான் தெரியும்.

இரண்டாவது வழி, 2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கப்பட்ட முதலமைச்சரின் தாயுமானவர் திட்டம். தொடங்கியபோது 70 வயதைக் கடந்த முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனி, ஞாயிறுகளில் ரேஷன் பொருள்களை வீட்டு வாசலிலேயே எடை போட்டு வழங்கும்படி அது வகுக்கப்பட்டது. முதியவரின் அட்டை அந்தப் பட்டியலில் இருக்கிறதா, இப்போது எந்த வயதிலிருந்து, எந்த நாளில் வருகிறார்கள் என்பதைக் கடை விற்பனையாளரிடமே கேட்டறியுங்கள்.

அரிசி மட்டும் போதாது

அட்டையில் மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்கும், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைக்கும். கையில் 55 ரூபாய் இல்லாமல் அரிசியை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பும் முதியவர்கள் உண்டு. வெறும் சோறு உண்ணும் முதிய உடலுக்குப் பருப்பு எவ்வளவு தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பண உதவி செய்ய நினைப்பவர் பொதுவாக ஏதோ கொடுப்பதைவிட, மாதம் ஒரு முறை இந்த 55 ரூபாயைப் பொறுப்பேற்பது பயனுள்ளது. பருப்பும் எண்ணெயும் இன்னும் வரவில்லை என்று கடையில் சொன்னால், எந்த நாளில் வரும் என்று கேட்டு அந்த நாளில் நீங்களே ஒரு முறை போய்ப் பாருங்கள்.

மாநகராட்சிப் பகுதிகளில் சமைக்க முடியாத முதியவருக்கு அம்மா உணவகம் ஒரு துணை. 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய் என விலை வைக்கப்பட்டது.

மறுத்தால் எங்கே போவது

வாயால் சொன்ன மறுப்புக்கு எதிராக எதுவும் செய்ய முடியாது என்பதால், ஒவ்வொரு மனுவுக்கும் ஒப்புகைச் சீட்டு பெறுவதை வழக்கமாக்குங்கள். பொது விநியோகத் திட்டத்தின் உதவி எண்கள் 1967, 1800 425 5901. முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. தொலைபேசியில் தீராததைத் திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்கலாம். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் மாவட்டந்தோறும் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரையும், மாநிலத்துக்கு ஓர் உணவு ஆணையத்தையும் ஏற்படுத்தச் சொல்கிறது. அச்சட்டப்படி உரிய தானியம் வழங்கப்படாவிட்டால் அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படியைப் பணமாகக் கோரவும் இடமுண்டு. தமிழ்நாட்டில் அச்சட்டம் 2016 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. விரைவாக முடித்துத் தருகிறேன் என்று பணம் கேட்கும் இடைத்தரகரிடம் முதியவரின் ஆதார் அட்டையையோ வங்கிப் புத்தகத்தையோ ஒருபோதும் விட்டுவிட்டு வர வேண்டாம்.

எல்லாம் கிடைத்த பிறகும் மூன்று மாதங்கள் வரை தொடர்ந்து போய்ப் பாருங்கள். குறுஞ்செய்தியில் உள்ள அளவும் அரிசிப் பானையில் உள்ள அளவும் ஒத்துப்போகின்றனவா என்று அவரிடமே கேளுங்கள். ஒரு தடித்த அட்டைத் தாளில் கடை எண், கடை திறக்கும் நாள்கள், அவருக்கு உரிய அரிசி, பருப்பு, எண்ணெயின் அளவு, மேலே சொன்ன உதவி எண்கள், மனுக்களின் ஒப்புகை எண்கள், உங்கள் பெயர் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி, குடும்ப அட்டையுடன் ஒரே உறையில் வைத்துக் கொடுங்கள். படிக்கத் தெரியாதவராக இருந்தாலும், கடையில் அந்தத் தாளை எடுத்து நீட்டத் தெரிந்தால் போதும்.